கிரேன்காரருக்கு ஒரு வாழ்த்து மடல்

“…மூணு இல்ல ஸ்டோரு, நாலு. நாலாவது தபாதான் ஒக்காந்துச்சு. மூணாவது தபா நான் தூக்கிட்டேன்.”

மேடையில் நின்று நான் வாழ்த்து மடல் வாசித்துக்கொண்டிருந்தேன். சட்டம் போட்ட மடல் ஒரு கையில், மைக் இன்னொரு கையில். மாலையும் கழுத்துமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் இப்படிக் குறுக்கே பேசியது. அவருக்குத்தான் அன்று பணி ஓய்வு விழா, அவரைப் பற்றித்தான் மடல். பாராட்டப்படுகிறவரே மடலைப் பாதியில் நிறுத்தியதை எங்கள் கம்பெனியில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மடல் என்பது தலையைக் குனிந்துகொண்டு கேட்க வேண்டிய சமாச்சாரம். கர்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். கணக்குத் திருத்தக் கூடாது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. முதல் வரிசையில், இதே மேடையில் கவிதை சொல்லிப் பேர் வாங்கிய குவாலிட்டித் தம்பி உட்கார்ந்திருந்தார். என் கண் நேராக அவரிடம்தான் போனது. குறுக்கே பேசியவரிடம் போகவில்லை, மேடையில் அவர் பக்கத்தில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடமும் போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வந்ததே அந்தப் பார்வையைப் பற்றித்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. நான் அங்கே ஸ்டோர்ஸ். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, நீட்டுகிற சிலிப்பை வாங்கிக்கொண்டு, போல்ட், நட்டு, கையுறை, கிரீஸ் என்று எடுத்துக் கொடுக்கிற வேலை. என் பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். எல்லோருக்கும் நான் ‘ஸ்டோரு’. பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ. போனவன். தமிழை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. ரயிலில் பக்கத்து ஆள் விரித்த பேப்பரை எட்டிப் பார்த்துப் படித்தது கொஞ்சம், மற்றதெல்லாம் காதால் வாங்கியது. ஒருத்தர் ஒரு வார்த்தையை ருசியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அது என் வாயில் இருக்கும்.

மடல் எழுத ஆரம்பித்தது ஒரு சங்கடத்தால்தான். ‘அயராது உழைத்த அருமை நண்பரே’ என்று தொடங்கும் மடல் ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் காலங்காலமாகக் கிடந்தது. ரிட்டையர் ஆகிறவரின் பெயரையும் போட்டோவையும் மாற்றி மாற்றி அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை வாட்ச்மேன் ஒருவருக்கு, முந்தைய ஆளுக்குப் போட்டிருந்த ‘வெல்டிங் கலையின் வேந்தே’ என்ற வரியை எடுக்க மறந்து அப்படியே வாசித்துவிட்டார்கள். கூட்டம் சிரித்தது. அந்த வாட்ச்மேனும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் வேனில் ஏறும்போது மடலின் எழுத்துப் பக்கத்தைத் தன் வயிற்றோடு திருப்பி அணைத்துக்கொண்டு போனார். அடுத்த ஆளுக்கு நானே எழுதித் தருகிறேன் என்று அன்றே போய்ச் சொல்லிவிட்டேன்.

என் வேலை முறை எளிது. சாமான் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பேன். “அவரைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போ, அப்பதான் கையுறை.” சொல்வதைச் சிலிப்பின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். ஜனங்கள் சும்மா சொல்ல மாட்டார்கள், செதுக்கிச் சொல்வார்கள். கேட் பார்க்கிற ஒருவரைப் பற்றி லேத் ஆள் சொன்னது: “அவரு நின்னா பூனைகூட ஐ.டி. கார்டு போட்டுகினுதான் உள்ள வரும்.” கேன்டீனில் டீ போட்டவரைப் பற்றி ஒரு பெயிண்டர் சொன்னது: “சர்க்கரை கம்மின்னு சொன்னா, ரெண்டு வார்த்தை இனிப்பாப் பேசிட்டுப் போவாரு, சர்க்கரை மட்டும் போட மாட்டாரு.” இவற்றைக் கோத்து நாலு பத்தி எழுதுவேன். கூட்டம் சிரிக்கும். மாலை போட்டவர் “யார்ரா அத்த சொன்னது?” என்கிற மாதிரி கூட்டத்தைத் தேடிப் பார்ப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

குவாலிட்டித் தம்பி வரும் வரை.

முப்பது வயசு இருக்கும். திருவாரூர் பக்கம். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, அயப்பாக்கத்தில் ஃபிளாட். எல்லோரையும் ‘சார்’ போட்டுப் பேசுகிற, குரலே உயராத பிள்ளை. ஃபோர்மேன் ஒருவரின் ஓய்வு விழாவில், நான் வாசித்து முடித்த பிறகு, “நானும் ஒண்ணு சொல்லலாமா?” என்று கேட்டு மேடை ஏறினார். கையில் தாள் இல்லை. மரபுக் கவிதை. ஒவ்வொரு அடியும் போய்ச் சேர வேண்டிய இடத்தில், நல்ல அச்சில் தகடு உட்காருகிற மாதிரி டக்கென்று உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஃபோர்மேன் அழுதுவிட்டார். சும்மா கண் கலங்கவில்லை, தோள் குலுங்க அழுதார். என் மடலுக்கு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தரும் அழுததில்லை.

இறங்கி வந்து என்னிடம் சொன்னார், “உங்க மடல் ரொம்ப எதார்த்தமா இருந்துச்சு சார்.”

மனசாரத்தான் சொன்னார். நான்தான் அதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. வீடு திருநின்றவூரில். அம்பத்தூரில் ரயில் ஏறும்போது ‘எதார்த்தம்’ பாராட்டாகத்தான் இருந்தது. திருமுல்லைவாயில் தாண்டும்போது ‘எளிமை’ என்று ஆனது. அண்ணனூரில் ‘சாதாரணம்’. ஆவடியில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும், சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, ‘படிக்காதவன் எழுத்து’ என்று அதற்கு உரை எழுதி முடித்தேன். திருநின்றவூரில் இறங்கும்போது அந்தப் பிள்ளை என்னை மேடையில் வைத்துத் திட்டிவிட்டதாகவே என் மனசில் பதிவாகிவிட்டது.

யாரோ அந்தக் கவிதையை போனில் பிடித்து கம்பெனி குரூப்பில் போட்டிருந்தார்கள். தினம் ரயிலில் அதைக் கேட்டேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பிடித்துக் கேட்டேனா, புண்ணைச் சொறிகிற மாதிரி கேட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கேன்டீன் வரிசையில் ஒருத்தன் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டான், “இன்னா ஸ்டோரு, புது சரக்கு வந்து எறங்கிடுச்சாமே? பழைய ஸ்டாக்க ஸ்கிராப்புக்குத் தள்ளிரலாமா?” எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அன்றைக்கு சாம்பார் என்ன சாம்பார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் கிரேன்காரர் என் வலைக்கு வந்து நின்றார்.

அவர் என்னைவிட நாலு வயசு மூத்தவர். திருமுல்லைவாயிலில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். எங்கள் ஷெட்டில் கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தண்டவாளத்தில் ஓடும் கிரேன் ஒன்று உண்டு. அதில் தொங்குகிற சின்ன அறையில்தான் அவர் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். காலையில் ஏணியில் ஏறினால் டீக்கும் சாப்பாட்டுக்கும்தான் இறங்குவார்.

“இன்னா ஸ்டோரு, அடுத்த மாசம் எனக்கு முடியுது. நீதான் எழுதணும்.”

“அந்தத் தம்பி இன்னும் நல்லா எழுதுவாருண்ணே.”

“எழுதட்டும். நல்லாதான் கீது, கேட்டேன். ஆனா எம் பொஞ்சாதிக்குப் புரியணும். அதுக்கு நான் இன்னா வேல செய்றேன்னே தெரியாது.”

“கிரேன் ஓட்றீங்கன்னு தெரியாதா?”

“கிரேனு கிரேனுன்னு சொல்லிகினுதான் கீறேன். அது ஒரு நாளு பூந்தமல்லி ரோட்ல பள்ளம் தோண்டிகினு இருந்த மஞ்ச வண்டியக் காட்டி, ‘இத்தத்தான ஓட்ற?’ன்னுச்சு. ஆமான்ட்டேன்.”

“ஏண்ணே ஆமான்னீங்க?”

“பஸ்ஸு வந்துடுச்சு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வலையில் விரலைக் கோத்துக்கொண்டார்.

“ஊட்டுக்குப் போனா எனக்குப் பேச்சு வராது ஸ்டோரு. எட்டு மணி நேரம் மேல தனியா குந்திகினு வாய் அப்படியே பழகிடுச்சு. பொஞ்சாதியும் கேட்டுக் கேட்டு வுட்டுடுச்சு. அந்த ஒரு நாளுதான் அது கம்பெனிக்குள்ள வரப்போவுது. நீ இன்னா படிக்கிறியோ அதான் அதுக்குத் தெரியப்போற கிரேனு. பாத்துக்க.”

சொல்லிவிட்டு ஏணிக்குப் போய்விட்டார். ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அவன் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு இருக்கிற ஒரே வழி நான் எழுதப்போகிற நாலு பத்தி. அந்த நினைப்பு வந்த உடனே அடுத்த நினைப்பும் வந்தது: தம்பியும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். நேர்மையாகச் சொன்னால், அடுத்த இரண்டு வாரம் முதல் நினைப்பை நான் மறந்துவிட்டேன், இரண்டாவதுதான் என்னை ஓட்டியது.

யாரிடமும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூட இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கினேன். நேர், நிரை என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு வரி எழுதினால் அது என் காதில் விழும் முன்பே தம்பியின் குரலில் விழுந்தது. அவர் குரலில் அது நன்றாக இல்லை. அடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த என் மனைவி, “என்ன, நெஞ்சு வலியா?” என்று கேட்டாள். அப்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. வலி இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் அடித்துக்கொள்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

எப்படியோ பதினாறு அடி தேற்றினேன். தேற்றிய அன்று எனக்கு ஒரு பெருமை. எதுகை இருந்தது, மோனை இருந்தது. கிரேன் என்ற சொல்தான் இல்லை. எங்கே போட்டாலும் அது இடித்தது, அதனால் ‘விண்ணூர்தி’ என்று போட்டிருந்தேன்.

வழக்கமாக மடலை முன்கூட்டி யாருக்கும் காட்ட மாட்டோம். அவர் விடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர்ஸுக்குள்ளே வந்து கிரீஸ் டின்மேல் உட்கார்ந்துகொண்டார். படித்தேன். பல்லில் மாட்டிய கீரையை நாக்கால் துழாவிக்கொண்டே கேட்டார்.

“அத்த வுடு, நல்லாதான் கீது. இதுல நான் எங்க கீறேன்?”

“முழுக்க நீங்கதாண்ணே.”

“விண்ணூர்தின்னா?”

“விண்ணுல… ஊர்ந்து…”

“ஏரோபிளேனா?”

நான் தாளை மடித்தேன்.

“மஞ்ச வண்டியாவது தரையில ஓடுச்சு. நீ என்ன மீனம்பாக்கத்துக்கே ஏத்தினு பூட்டியே மாமே.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எனக்கு வரவில்லை என்று, பேனாவை எடுத்தாலே அந்தத் தம்பியின் முகம் வந்து நிற்கிறது என்று. “முன்னெல்லாம் தண்ணி மாதிரி வரும்ண்ணே. ஒரே மூச்சுல எழுதிடுவேன். அவரு வந்ததுலேர்ந்துதான் இப்படி.”

அவர் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “யாருக்குத் தண்ணி மாதிரி வரும்? உனக்கா?”

“ஆமாண்ணே.”

“தே, சும்மா இரு. உன் ஸ்டோருக்கு மேல கூர கீதா? நாலு பக்கமும் கம்பி வலதான? மேலேர்ந்து பாத்தா நீ மீன் தொட்டில இருக்கிற மாதிரி கீற. உன் உச்சி மண்ட வழுக்க வுழுந்தது உன் பொஞ்சாதிக்கு முன்னாடி எனக்குத் தெரியும். கேட்டாண்ட நிப்பாரே, அவருக்கு எழுதறப்ப எத்தினி தாளு கிழிச்ச?”

“ரெண்டு மூணு இருக்கும்.”

“ரெண்டு மூணா? குப்ப டப்பா ரொம்பி வெளிய வுழுந்துச்சு. டீ மாஸ்டருக்கு எழுதறப்ப போயி அலமாரில நெத்திய வெச்சினு நின்ன, பத்து நிமிசம். ஸ்டோருக்கு வயித்து வலி போலன்னு நெனச்சினு இருந்தேன். பாத்தா மறுநாளு மடலு. ஒவ்வொரு தபாவும் இதே கூத்துதான். அப்பல்லாம் எந்தத் தம்பி வந்து உன்னாண்ட நின்னான்?”

எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். நான் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகமே இல்லை. யோசித்துப் பார்த்தால் கிழித்ததும் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் சட்டம் போட்ட மடலும் கூட்டத்தின் சிரிப்பும்தான். தம்பியோடு மட்டும் நான் என்னை ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. சிரமமே இல்லாமல் எழுதிய ‘பழைய நான்’ என்று ஒருத்தனோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை. அவனுக்கான வாழ்த்து மடலையும் நானே எழுதி, நானே சட்டம் போட்டு, மனசில் மாட்டி வைத்திருந்தேன். தம்பியாவது நிஜமான ஆள். திறமைசாலி. அவரிடம் தோற்கலாம். இல்லாத ஆளிடம் எப்படி ஜெயிப்பது?

பயம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதை நான் பார்த்த விதம் மாறியது. நேற்று வந்து கதவைத் தட்டிய புது ஆள் என்று நினைத்துத்தான் இத்தனை அலறல். வெகுநாளாக வீட்டோடு இருக்கிற ஆள்தான் என்று தெரிந்தால், ஊரைக் கூட்ட மாட்டோம் இல்லையா? அது ஒரு மூலையில் முனகும், நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கலாம். தம்பியின் கவிதையை போனிலிருந்து அழிக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை, அவ்வளவு நல்ல கவிதை. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்கலாம், எழுத உட்காருகிற சாயங்காலத்தில் கேட்கக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரன் ஜாங்கிரியை எப்போது சாப்பிடலாம் என்று கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரிதான்.

மறுபடியும் சிலிப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். “கிரேன்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லு, அப்பதான் கையுறை.” அங்கேதான் அடுத்த சிக்கல். யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. “அவரா… மேலதான இருப்பாரு” என்பார்கள். கையுறையை வாங்கிக்கொண்டு, பாவம், நின்று யோசித்துவிட்டுப் போவார்கள். எல்லோரைப் பற்றியும் எல்லோரிடமும் ஒரு சொல் இருந்தது, இவரைப் பற்றி மட்டும் இல்லை. மூன்றாம் நாள் வெல்டர் ஒருத்தன் சொன்னான்: “லோடு ஆடுச்சுன்னா தலைய தூக்கி மேல பாப்போம். அவரு ஓட்டினா ஆடாது. அதனால அவர நான் பாத்ததே இல்ல.”

அந்தச் சிலிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு சாம்பார் முள்ளங்கி. நன்றாக இருந்தது.

பிறகு ஒரே ஒரு சம்பவம் கிடைத்தது. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தகடு அழுத்துகிற எங்கள் பெரிய பிரஸ் வந்து இறங்கிய நாள். ஒரு சின்ன வீட்டின் உயரம் இருக்கும் அந்த மெஷின். தரையில் காங்கிரீட்டில் நட்டு வைத்த போல்ட்டுகள்மேல் அதன் அடிப்பாகத்து ஓட்டைகள் பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் இறங்காது. “மூணே தபாவுல ஒக்கார வெச்சாரு” என்றார்கள் எல்லோரும். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இந்தத் தடவை மடலை அவரைப் பார்த்து எழுதவில்லை. அவர் மனைவியைப் பார்த்து, ‘அண்ணி, உங்களுக்கு ஒரு கடிதம்’ என்று ஆரம்பித்தேன். கிரேன் எங்கே ஓடும், அவர் எதில் உட்கார்ந்திருப்பார், கீழே நிற்கிற நாங்கள் எவ்வளவு சின்னதாகத் தெரிவோம், வெல்டர் என்ன சொன்னான், எல்லாம் பேசுகிற தமிழில். எத்தனை தாள் கிழித்தேன் என்று இந்த முறை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. எண்ணியதால் ஒன்றும் குறையவில்லை, ஆனால் கலவரமும் ஆகவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கையை ஆட்டினார், ‘கிழி, கிழி’ என்கிற மாதிரி.

ஆவடியில் பிரிண்ட் போடுகிற கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கவிதை எங்க சார்? இது லெட்டராட்டம் கீதே.” அந்த நிமிஷம் அந்த விண்ணூர்திப் பதினாறு அடியையே கொடுத்துவிடலாமா என்று ஒரு துடிப்பு. அதுவும் பையில்தான் இருந்தது. “லெட்டர்தான், போடுங்க” என்று சொல்லிவிட்டு, மனசு மாறுவதற்குள் கடையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அப்படித்தான் மேடைக்கு வந்து சேர்ந்தேன். வெல்டரின் வரிக்குக் கூட்டம் சிரித்தது, பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. பிரஸ் கதைக்கு வந்தேன். “இரண்டு தடவை இறக்கியும் பொருந்தவில்லை. மூன்றாவது தடவையில் உட்கார வைத்தார்” என்று படித்தேன். அங்கேதான் அவர் என்னை நிறுத்தினார், மூணு இல்லை நாலு என்று.

கூட்டத்தில் குபீரென்று ஒரு சிரிப்பு. நான் தம்பியைப் பார்த்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தம்பி சொன்னபோது நாற்காலி நகரவில்லை, நான் வாசித்தால் மாலை போட்டவரே தப்புக் கண்டுபிடிக்கிறார். விழாவை நடத்திக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஓடி வந்து, “அண்ணே, அதெல்லாம் கடைசில உங்க ஏற்புரைல சொல்லிக்கலாம்” என்று சமாளித்தார்.

“ஏற்புரைல நன்றி மட்டுந்தான் சொல்லணும்னு நீதானப்பா எழுதிக் குட்த்த” என்றார் கிரேன்காரர். மறுபடியும் சிரிப்பு. அவர் என் பக்கம் திரும்பினார். “தப்பா எடுத்துக்காத ஸ்டோரு. எல்லாம் கரெக்டா சொல்லிகினு வந்தியா, இத்த மட்டும் வுட மனசு வரல. மூணாவது தபா போல்ட்டு அத்தினியும் பொருந்திச்சு. நான்தான் தூக்கிட்டேன். கை தவறிப் போச்சுன்னு எல்லாரும் கத்துனாங்கோ. தவறல.”

சிரிப்பு நின்றது. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மீதிப் பத்தியைப் படிப்பதா, மைக்கைக் கொடுத்துவிடுவதா? அப்போது அவர் பக்கத்தில் இருந்த அந்த அம்மா, மேடை, கூட்டம், மைக் எல்லாம் மறந்தவர் மாதிரி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“பொருந்துனத ஏன்யா தூக்கின?”

மைக் என் கையில் அவர்களுக்கு நடுவே இருந்ததால் கேள்வி ஷெட் முழுக்கக் கேட்டது. தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று அதன் பிறகு எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

“மெஷினுக்கு அடில ஒரு ஆளு கைய வுட்டுகினு இருந்தான்” என்றார் அவர். “ஓட்டைய தடவிப் பாக்கறான். கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியல, மேலேர்ந்து எனக்கு மட்டும் தெரிஞ்சுது. கீழேர்ந்து சைக காட்டாம நான் ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது. அதான் சட்டம். அன்னிக்கி யாரும் காட்டல.”

“யாரு கை?”

“அத்த சொன்னா அவன் வேல போயிருக்கும். அதான் சொல்லல.”

அந்த அம்மா இன்னும் புரியாத மாதிரியே பார்த்தார். அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். என் கையிலிருந்த மடலைச் சட்டத்தோடு வாங்கிக்கொண்டார். மனைவியின் வலது கையைப் பிடித்து, மேடை மேசையின்மேல் உள்ளங்கை தெரிய விரித்து வைத்தார். பிறகு மடலை அந்தக் கைக்கு நேர் மேலே இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, கொஞ்சமும் ஆடாமல், மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். விரல் நுனிக்கு ஒரு நூல் மேலே நிறுத்தினார். ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டு, நேராக மேலே தூக்கினார்.